லேசரா, எலக்ட்ரோலிசிஸா: மலையகத்திலிருந்து தாடி எடுக்கக் கிளம்பும் திருநங்கைக்கு

ஹோமோன் தொடங்கினால் தாடி தானாக உதிர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் இன்னும் நிறையப் பேர். உதிராது. ஈஸ்ட்ரஜனும் டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் மாத்திரையும் சேர்ந்து கை கால் முடியை மெலிய வைக்கும், தாடி வளரும் வேகத்தையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் பருவ வயதில் ஒருமுறை தடித்துக் கறுத்துவிட்ட தாடி மறுபடி பூனைமுடி ஆவதில்லை. உடைந்த குரலை மாத்திரை திருப்பித் தராது. தாடியும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆகவே அதை என்ன செய்வது என்று தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதைப் பற்றி வாசிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி, வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் கிளினிக் இருப்பவர்களுக்காக எழுதியது. அதிலும் பாதி வெள்ளைத் தோலுக்கு எழுதியது. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு, கிழமையில் ஆறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இதைச் செய்ய நினைப்பவருக்கு அது பாதிதான் உதவும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுத்து அடர்ந்த தாடி, மாநிறமோ கறுப்போ ஆன தோல், கையில் அளவான காசு என்றால் முதலில் நம் தோலுக்கு ஏற்ற லேசர், அப்புறம் மிச்சத்துக்கு எலக்ட்ரோலிசிஸ், அதாவது மின்சார ஊசியால் ஒவ்வொரு முடியின் வேரையும் கொல்வது. தாடியில் நரை விழுந்திருந்தால் லேசரை மறந்துவிட்டு நேராக எலக்ட்ரோலிசிஸ். எந்த வழியில் போனாலும் இடையில் த்ரெடிங் பக்கம் போக வேண்டாம்.

முதலில் மலிவான வழிகளை முடித்துவிடுவோம்.

ஷேவ் பண்ணினால் முடி தடிக்கும் என்று தோட்டத்து லயன் வீடுகள் எல்லாவற்றிலும் சொல்வார்கள். தடிக்காது. பிளேடு முடியை மொட்டையாக வெட்டுவதால் தொடும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஷேவிங்கின் உண்மையான தொல்லை வேறு: எவ்வளவு ஒட்ட எடுத்தாலும் தோலுக்கு அடியில் இருக்கும் முடி சாம்பல் பச்சையாக நிழல் காட்டும். நம் நிறத்துக்கு அந்த நிழலை மறைக்க, பவுண்டேஷன் போடும் முன் செம்மஞ்சள் லிப்ஸ்டிக்கைத் துளி எடுத்து விரலால் தட்டிப் பரப்பினால் போதும். காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டும் பையன்களுக்கு ஒப்பனை போடும் பெரியவர்கள் பவுடரை அப்பி அப்பி அந்த நிழலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் இரவுக் கூத்துக்கு அது சரி. காலை எட்டு மணிக்குக் கடையில் நிற்கப் போகிறவருக்கு பவுடர் மத்தியானம் வரை தாங்காது. இன்னொன்று, விடியற்காலைக் குளிரில் பச்சைத்தண்ணீரில் ஷேவ் பண்ணினால் தோல் சிலிர்த்து நிற்கும், பிளேடு தட்டித் தட்டிப் புண்ணாக்கும். கேத்தல் தண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் ஒத்திவிட்டுத் தொடங்குங்கள். சிகிச்சை நடக்கும் காலம் முழுக்க ஷேவிங்தான் உங்களுக்குத் துணை என்பதால் அதை ஒழுங்காகப் பழகிக்கொள்வது நல்லது.

த்ரெடிங், வெக்ஸ், பிடுங்கி: டவுனில் எந்த பார்லரிலும் செய்வார்கள், விலையும் குறைவு, தோழிகளும் அதைத்தான் சொல்வார்கள். புருவத்துக்கு சரி. தாடிக்கு வேண்டாம். தடித்த முடியை வேரோடு இழுத்தால் அடியில் மயிர்க்கால் அப்படியே உயிரோடு இருக்கும்; அடுத்து முளைக்கும் முடி வழி தவறித் தோலுக்குள்ளேயே சுருண்டு சீழ் கட்டும்; அந்தக் கட்டி ஆறினாலும் நம் தோலில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அதோடு லேசருக்கும் எலக்ட்ரோலிசிஸுக்கும் முடி அதன் குழியில் இருந்தாக வேண்டும். பிடுங்கிவிட்ட குழியில் லேசர் சுடுவதற்கு ஒன்றுமில்லை, ஊசிக்கும் வழிகாட்ட ஒன்றுமில்லை. லேசருக்குப் போவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைக்கு முன்பே பிடுங்குவதை நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

பாமசியில் கிடைக்கும் முடி நீக்கும் கிரீம் முகத் தோலைப் பொசுக்கிவிடும், தாடி முடிக்கு அது போதவும் போதாது. எஃப்ளோர்னிதின் என்ற ஒரு மருந்துக் கிரீம் இருக்கிறது. முடி வளரும் வேகத்தை அது குறைக்கும், பூசுவதை நிறுத்தினால் இரண்டு மாதத்துக்குள் எல்லாம் பழையபடி. கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் அம்மாக்களுக்குத் தெரிந்த வழி. பூனைமுடிக்கே அது என்ன செய்கிறது என்று எனக்குச் சந்தேகம். தாடியை அசைக்கக்கூட மாட்டாது. வீட்டில் வைத்து அடிக்கும் ஐபிஎல் என்ற பளிச்சொளிக் கருவிகளை இப்போது எல்லோரும் ஒன்லைனில் வாங்குகிறார்கள். கறுத்த தோலுக்கு வேண்டாம், ஆண்களின் தாடிப் பகுதிக்கு வேண்டாம் என்று அவற்றின் கையேட்டிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். காசு கொடுத்து வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

ஆக மிஞ்சுவது இரண்டுதான்.

லேசர்

முடியிலுள்ள மெலனின் என்ற கறுப்பு நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூடு வேரில் இறங்கி மயிர்க்காலைச் சுடும். சரியான அலைநீளத்தை மிகக் குறுகிய நேரத்துக்குக் கொடுத்தால் பக்கத்துத் தோலைத் தொடாமல் நிறமியை மட்டும் சுடலாம் என்ற கோட்பாட்டை அண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்டார்கள். நமக்குரிய சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி என்றால் ஒளிக்குக் குழப்பமில்லை. நம் தோலிலும் அதே மெலனின் நிறைய இருப்பதால் ஒளியின் ஒரு பங்கை மேல்தோலே வாங்கிக்கொள்ளும். கொப்புளம், தீக்காயம், கரும்புள்ளி எல்லாம் அதனால் வருபவை.

அதனால் "லேசர் இருக்கா?" என்று கேட்பதில் பிரயோசனமில்லை, எந்த லேசர் என்று கேட்க வேண்டும். 755 நனோமீற்றர் அலெக்சாண்ட்ரைட் வெளிர் தோலுக்கு அருமையான கருவி, நமக்கு ஆபத்தானது. 800, 810 நனோமீற்றர் டயோட் நடுவில் நிற்கிறது. மாநிறத்துக்கு, கருவியைத் தெரிந்த கை என்றால் பரவாயில்லை. 1064 நனோமீற்றர் என்டி யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், ஒளியும் ஆழமாக இறங்கும், ஆகவே கறுத்த தோலுக்கு அதுதான் பாதுகாப்பு. மெல்லிய முடியில் அதன் வேகம் குறைவு என்பது உண்மைதான். தாடி முடி மெல்லிய முடி இல்லையே. பல இடங்களில் லேசர் என்று பெயர்ப்பலகை போட்டுவிட்டு உள்ளே ஐபிஎல் விளக்கை வைத்திருப்பார்கள். அது லேசரே இல்லை. பல அலைநீளங்கள் கலந்து வரும் பளிச்சொளி. நம் தோலுக்கு அதை அடிக்க விடாதீர்கள்.

மலையகத்தில் இருப்பவர்கள் லேசர் விஷயத்தில் கவனிக்காமல் விடுவது வெயிலை. இங்கே குளிர், பாதி நாள் மூட்டம், வெயில் எங்கே இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உடம்புக்குத் தெரியும் சூடு வேறு, தோலைக் கறுக்க வைக்கும் புறஊதாக் கதிர் வேறு. உயரம் 1,000 மீற்றர் கூடினால் அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நாட்டில், மெல்லிய மேகத்துக்குள்ளாலும் அது வந்து சேரும். மலையில் கொழுந்து எடுக்கிறவர், மரக்கறித் தோட்டத்தில் நிற்கிறவர், ஓட்டோ ஓட்டுகிறவர் முகம் கறுத்திருக்கும்போது லேசருக்குப் போனால் அந்தக் கறுப்பையும் சேர்த்துச் சுடுவார்கள். சில கிழமைகள் முகத்தை மூடி, எஸ்பிஎஃப் 30க்கு மேலான சன்ஸ்கிரீன் போட்டு, தோல் தன் நிறத்துக்குத் திரும்பிய பிறகுதான் போக வேண்டும். வெளிவேலையை விட முடியாதவர்களுக்கு லேசரின் வசதி பாதி அங்கேயே போய்விடுகிறது. வெள்ளையாக்கும் கிரீம் பூசுகிறவர்களும் அதை முன்கூட்டியே நிறுத்துங்கள். சிலவற்றில் பாதரசமோ ஸ்டெரொய்டோ இருக்கிறது. தோல் மெலிந்துபோய்த் தாங்காது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ லேசரை "நிரந்தரக் குறைப்பு" என்ற அளவில்தான் ஒத்துக்கொள்கிறது. "நிரந்தர நீக்கம்" என்ற சொல்லை எலக்ட்ரோலிசிஸுக்கு மட்டும் வைத்திருக்கிறது. நடைமுறையிலும் அப்படித்தான். நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை என்று ஏழெட்டுத் தடவை போனால் அடர்த்தியில் பெரும்பகுதி போய்விடும், அந்தச் சாம்பல் நிழல் போய்விடும். நம்மில் பலருக்கு நிழல் போவதே பெரிய நிம்மதி. அப்புறம் மிஞ்சும் மெல்லிய முடி, வெள்ளை முடி, மேலுதட்டில் பிடிவாதமாக நிற்கும் சில முடிகள் ஆகியவற்றில் லேசர் தோற்றுவிடும். அந்தக் கட்டத்திலும் "இன்னும் நாலு செஷன் எடுங்க" என்பார்கள். எடுக்க வேண்டியதில்லை.

ஒரு வினோதமும் உண்டு. கன்ன மேட்டில், கழுத்தோரத்தில் இருக்கும் பூனைமுடியில் லேசர் பட்டால், சுட்டுக் கொல்லப் போதாத சூடு அந்த முடியை உசுப்பிவிட்டு, இல்லாத இடத்தில் தடித்த முடி வளர்வது சிலருக்கு நடக்கிறது. தெற்காசிய, மத்திய கிழக்கு நிறத்தவர்களின் முகத்தில் இது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. தாடி முடிகிற கோட்டைத் தாண்டி அடிக்க விடாதீர்கள்.

எலக்ட்ரோலிசிஸ்

இது லேசரைவிட நூறு வருடம் மூத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் வைத்தியர் சார்ல்ஸ் மிஷெல், கண்ணுக்குள் திரும்பி வளர்ந்து விழியைக் கீறும் இமைமுடியை எடுக்க மின்சார ஊசியைப் பயன்படுத்தியதை 1875இல் எழுதினார். அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை. முடி முளைக்கும் குழிக்குள் முடியைப் போன்றே மெல்லிய ஊசி இறங்கும், மின்சாரம் பாயும், வேர் சாகும், முடி வெளியே வரும். ஒவ்வொரு முடியாக. தோலின் நிறமும் முடியின் நிறமும் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. நம் நிறத்துக்கு இதைவிடப் பெரிய வசதி வேறென்ன வேண்டும்?

இதில் மூன்று வகை. கல்வானிக்கில் நேர்மின்சாரம் குழிக்குள் இருக்கும் உப்பையும் நீரையும் கோஸ்டிக் சோடாவாக மாற்றும், அது வேரைக் கரைக்கும். நிச்சயமான வழி, ஆனால் ஒரு முடிக்கு ஒரு நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கும். தெர்மொலிசிஸில் உயர் அதிர்வெண் மின்சாரம் சூட்டால் சுடும். ஓரிரு நொடியில் முடியும், சில இயந்திரங்களில் கண் இமைப்பதற்குள் முடியும். இரண்டையும் கலந்தது பிளெண்ட். அதற்கு அமெரிக்காவில் 1948இல் காப்புரிமை கொடுத்தார்கள். வளைந்த வேருக்கும் பிடுங்கிப் பிடுங்கிக் கோணலாய்ப்போன வேருக்கும் பிளெண்ட் நல்லது. வருடக்கணக்கில் த்ரெடிங் செய்துவிட்டு வருபவர்கள் இதைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். மற்றபடி எந்த வகை என்பதைவிட எந்தக் கை என்பது முக்கியம்.

கை நல்ல கையா என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஊசி இறங்குவது உங்களுக்குத் தெரியக்கூடாது. குத்துவது தெரிந்தால் குழியைத் தவறவிட்டுத் தோலைத் துளைக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் மின்சாரம் சுள்ளென்று ஏறும். அடுத்து இடுக்கியால் முடியைத் தூக்கும்போது எந்த இழுவையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், நுனியில் வெள்ளையாகக் கூழ் போன்ற உறை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முடியும் "டக்" என்று பிடுங்குப்பட்டு வந்தால் நீங்கள் காசு கொடுத்து முடி பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். "மிஸ், இழுக்குது" என்றால் நல்லவர் உடனே மின்சாரத்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவார். "அப்படித்தான் இருக்கும்" என்பவரிடம் இரண்டாம் தடவை போகாதீர்கள்.

வலி உண்டு. கன்னத்தில் கட்டெறும்பு வரிசையாகக் கடிப்பது போல, தாங்கிக்கொண்டு கதைகூடப் பேசலாம். மேலுதடு அப்படியல்ல. நடுவில், மூக்குக்கு நேர் கீழே ஊசி இறங்கும்போது அழ வேண்டும் என்று நினைக்காமலே கண்ணீர் வழியும், தும்மல் வரும், அடுத்த ஊசிக்கு முன் கால்விரல் தானாகச் சுருங்கும். ஒரே மூச்சில் மேலுதட்டை முடிக்க நினைக்காமல், இருபது நிமிடம் அங்கே, அப்புறம் தாடைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். போவதற்கு முன் பரசிட்டமோல் போட்டுக்கொள்ளலாம், அஸ்பிரின் வேண்டாம். மரத்துப்போக வைக்கும் லிடோகெயின் கிரீம் உதவும், ஆனால் முகம் கழுத்து முழுக்க அப்பி பொலித்தீன் சுற்றிக்கொண்டு ஹட்டனில் பஸ் ஏறிக் கண்டி வரை அப்படியே போகிற வேலை வேண்டாம். பெரிய பரப்பில் நீண்ட நேரம் ஊறினால் இதயத் துடிப்பே குழம்பும். அன்று செய்யப்போகும் இடத்தில் மட்டும், டொக்டர் சொன்ன அளவில்.

லேசரும் வலிக்காமல் இல்லை. 1064 நல்ல சுள்ளாப்புத்தான். வித்தியாசம் நேரத்தில்: முழுத் தாடிக்கும் லேசர் கால் மணி, அரை மணியில் முடியும்.

எலக்ட்ரோலிசிஸின் பெரிய குறையும் அந்த நேரம்தான். முழுத் தாடியையும் ஊசியால் மட்டும் எடுப்பதென்றால் 100 மணித்தியாலத்திலிருந்து 300 வரை என்று பொதுவாகச் சொல்வார்கள், ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குப் பரந்து. அடர்த்தி, வேர், கை, ஹோமோன் எல்லாவற்றையும் பொறுத்து அது ஆளுக்கு ஆள் மாறும். முடி எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே இருப்பதில்லை என்பதும் காரணம். எந்த நாளிலும் ஒரு பகுதி தோலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். இன்று முகத்தைத் துடைத்துவிட்டது போல் எடுத்தாலும் சில கிழமையில் தூங்கியவை எழுந்து வரும். "எடுத்தது திரும்ப முளைச்சிருச்சு" என்று மனமுடைந்து பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். முளைத்தவற்றில் பெரும்பாலானவை வேறு முடிகள்.

மலையகத்திலிருந்து போகும்போது

புத்தகக் கணக்கில் எலக்ட்ரோலிசிஸ் வென்றுவிட்டது. பஸ் கணக்கைப் போட்டால் நிலைமை வேறு.

லேசர் இயந்திரம் வைத்திருக்கும் தோல் சிகிச்சை நிலையங்கள் கண்டியிலும் கொழும்பிலும் இருக்கின்றன. எலக்ட்ரோலிசிஸ் தெரிந்தவர்கள் அவ்வளவு எளிதில் அகப்பட மாட்டார்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் பெண்களின் தாடையில் நாலைந்து முடி எடுத்துப் பழகியவர்கள். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போக இரண்டரை, மூன்று மணித்தியாலம். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் ஊசி வேலைக்காக ஒரு முழுநாள் போய்விடும். மழைக்காலத்தில் மண்சரிந்தால் அந்தக் கிழமையே போச்சு. 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு பாதை எப்படிக் கிடந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். போயா (பௌர்ணமி) லீவில் போகலாம் என்றால் அன்று கிளினிக்கும் பூட்டியிருக்கலாம். லேசர் என்றால் ஐந்து கிழமைக்கு ஒரு பயணம், ஒரு நாள் லீவு, தவறினாலும் ஒரு கிழமை தள்ளிப்போனால் பெரிய நட்டமில்லை.

அடுத்தது வளர்த்துக்கொண்டு போகும் பிரச்சினை. லேசருக்கு முதல் நாளோ அன்று காலையோ ஷேவ் பண்ணிவிட்டுப் போகலாம். எலக்ட்ரோலிசிஸுக்கு இடுக்கி பிடிக்கும் அளவுக்கு, ஒரு மில்லிமீற்றர் அளவுக்காவது முடி வெளியே நிற்க வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் தாடியோடு இருக்க வேண்டும். ஊருக்குப் பெண்ணாகத் தெரியத் தொடங்கியவருக்கு அந்த நாட்கள் நரகம். சேலையோ சுடிதாரோ உடுத்திக்கொண்டு அந்த முகத்தோடு பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருப்பதைப் பற்றி வலி பற்றிய எந்த அட்டவணையும் சொல்லாது.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது: முழு முகத்தையும் வளர்க்க வேண்டாம். அடுத்த தடவை தாடையின் இடது பக்கம் என்று பேசிக்கொண்டால் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வழக்கம்போல ஷேவ் பண்ணுங்கள். மாஸ்க் ஒன்று போட்டால் முடிந்தது. நம் ஊர்க் குளிருக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும். மார்கழி, தை மாதத்தில் மூக்கு வரை ஸ்கார்ப் சுற்றிக்கொண்டு நடந்தால் நுவரெலியாவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கொழும்பில் அப்படிச் செய்ய முடியுமா? எலக்ட்ரோலிசிஸ் தொடங்குவதற்குக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பது இதற்காகவே புத்திசாலித்தனம்.

இந்தியாவுக்குப் போய்ச் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்காகப் போகிறவர்கள் போகட்டும். மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டிய ஒரு சிகிச்சைக்குக் கடல் தாண்டுவது காசுக்கும் கேடு, லீவுக்கும் கேடு.

காசைப் பற்றி நேராகப் பேசுவோம். தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்ததே 2024இல்தான். கட்டணம் இடத்துக்கு இடம் மாறுவதால் தொகையைப் பார்ப்பதைவிடக் கணக்குப் போடத் தெரிந்துகொள்வது நல்லது. எலக்ட்ரோலிசிஸ் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கேட்டு அதை 150ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் பஸ் காசு, சாப்பாடு, போகும் பேர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். லேசருக்கு ஒரு தடவைக் கட்டணத்தை எட்டால் பெருக்கி, அதோடு 30, 40 மணித்தியால எலக்ட்ரோலிசிஸைச் சேருங்கள். கறுத்த தாடி உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் இரண்டாவது கணக்குத்தான் குறைவாக வரும். பஸ் தூரம் கூடக் கூட இரண்டுக்கும் இடைவெளியும் கூடும். லேசர் முதலில் என்று நான் சொல்வதன் முழுக் காரணமும் இதுதான்.

கணக்கு மாறுகிற ஆட்களும் இருக்கிறார்கள். தாடியில் கால்வாசி நரைத்தவருக்கு லேசரில் போடும் காசு வீண். வெள்ளை முடிக்கு லேசர் குருடு. தாடி குறைவாக, தாடையிலும் மேலுதட்டிலும் மட்டும் வளருகிறவர் நேராக ஊசிக்குப் போனால் மொத்த மணித்தியாலமே குறைவு. நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவருக்கும் அப்படியே. தழும்பு தடித்துக் கெலொயிட் ஆகும் உடம்புக்காரர்கள் எதைச் செய்வதற்கும் முன் தோல் வைத்தியரைப் பார்த்தாக வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினொயின் மாத்திரை குடிப்பவர்கள் அதைச் சொல்லாமல் எந்த மேசையிலும் படுக்க வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு எலக்ட்ரோலிசிஸ் கூடாது. பிறப்புறுப்பு அறுவைச் சிகிச்சைக்குத் திட்டமிடுபவர்கள், அங்கே முடி எடுக்க வேண்டுமா, எந்த இடத்தில் என்று சத்திரசிகிச்சை வைத்தியரிடம் ஒரு வருடத்துக்கு முன்பே கேட்டு, முகத்துக்கான காசிலிருந்து அதற்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள்.

ஹோமோன் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டுமா என்றால், தேவையில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஓடிக்கொண்டிருந்தால் வயதோடு புதிய முடிகள் தடித்து வரும் என்பதால் ஹோமோனோடு சேர்த்துச் செய்தால் வேலை சீக்கிரம் தீரும். மற்றபடி முதலில் முகம், அப்புறம் மாத்திரை என்று போனவர்களும் இருக்கிறார்கள். 2016 சுகாதார அமைச்சுச் சுற்றுநிருபத்தின்படி மனநல வைத்தியர் தரும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கையில் வருவதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். அது ஒரு பக்கம் நடக்கட்டும். பழைய பெயரில் ஐடி இருக்கும் காலத்தில் ஒரு தொல்லை வரும். ஒரு கிளினிக்கில் நிறைந்த ஹோலில் என் பழைய பெயரைக் கூப்பிட்டு, நான் எழுந்ததும் மறுபடி கொப்பியைப் பார்த்துச் சத்தமாகச் சரிபார்த்தார்கள். இப்போதெல்லாம் போன் பண்ணும்போதே "இந்தப் பெயரில் கூப்பிடுங்க" என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஹோலில் நீர்க்கட்டிப் பிரச்சினையால் தாடையில் முடி வளரும் பெண்களும் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். முகமுடிக்காக வந்திருப்பதால் யாரும் உங்களைத் தனியாகக் கவனிக்கப் போவதில்லை.

போனில் கேட்க வேண்டியது இவ்வளவுதான். லேசர் என்றால், என்ன மெஷின், எத்தனை நனோமீற்றர்? பதிலாக "லேட்டஸ்ட் ஜேர்மன் டெக்னோலொஜி" என்று வந்தால் போனை வைத்துவிடலாம். எலக்ட்ரோலிசிஸ் என்றால், ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதா, என் முன்னால் பக்கெட்டைப் பிரிப்பீர்களா, ஆண் தாடி எடுத்த அனுபவம் உண்டா, கட்டணம் நேரத்துக்கா? ஊசியில் மிச்சம் பிடிக்க இடம் கொடுக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி, எச்ஐவி எல்லாம் இரத்தம் பட்ட ஊசியில் வரக்கூடியவை. இடுக்கியால் முடியைப் பிடித்து அதில் மின்சாரம் விடும் "ஊசியில்லா எலக்ட்ரோலிசிஸ்" என்று யாராவது சொன்னால் அது எலக்ட்ரோலிசிஸே இல்லை. முடியில் மின்சாரம் பாயாது.

செய்த பிறகு முகம் சிவந்து கொஞ்சம் வீங்கும், ஊசி பட்ட இடத்தில் மறுநாள் கடுகை விடச் சின்னப் பொருக்குகள் வரும். நகம் வைக்காமல் இருந்தால் ஒரு கிழமைக்குள் தானாக உதிரும். சோற்றுக் கற்றாழை போடலாம், மஞ்சள் அப்ப வேண்டாம், இரண்டு நாளுக்கு மேக்கப்பும் வேண்டாம். உதட்டில் அடிக்கடி காய்ச்சல் கொப்புளம் வருகிறவர்கள் மேலுதட்டுக்கு முன் டொக்டரிடம் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும், எந்தக் கையானாலும், முதலில் தாடைக்கு அடியில் கழுத்தோரமாக ஒரு நாணயம் அகல இடத்தில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தோலுக்கு இரண்டு நாள் பார்த்தால் போதும். நம் தோல் கறுக்கிறதா என்பது தெரிய மூன்று நான்கு கிழமை எடுக்கும். அதுவரை "பத்து செஷன் பெக்கேஜ், இன்றைக்குக் கட்டினால் டிஸ்கவுண்ட்" என்று என்ன சொன்னாலும் முன்பணம் கட்டாமல் எழுந்து வாருங்கள். நான்கு கிழமை கழித்தும் அதே டிஸ்கவுண்ட் இருக்கும்.